ஜன்னல் கண்ணாடி விரிசல் விட்டா, உடைஞ்சா: திரும்பத் திரும்ப வர்ற கேள்விகள்

நான் சிங்கப்பூர்ல அலுமினியம் ஜன்னல் வேலை பாக்குறவன். சொந்தக்காரங்க, பக்கத்து புளோக்காரங்க, கோயில்ல பாக்குறவங்க எல்லாரும் ஒரு போட்டோ எடுத்து அனுப்பி கிட்டத்தட்ட ஒரே கேள்விதான் கேக்குறாங்க, ஆளுக்கு ஆள் வாய்ஸ் மெசேஜ் போட்டு முடியல, அதான் மொத்தமா இங்க எழுதிட்டேன். கேள்விய அவங்க கேட்ட மாதிரியே விட்டிருக்கேன். பெரும்பாலும் எச்டிபி வீட்டை, அதாவது அரசாங்க அடுக்குமாடி வீட்டை மனசுல வச்சு சொன்னது, காண்டோக்காரங்களுக்கு (தனியார் அடுக்குமாடி) கடைசில ஒண்ணு இருக்கு.

அண்ணே, கண்ணாடில ஒரு நீளக் கோடு விழுந்திருக்கு. சூப்பர் க்ளூ ஊத்தினா ஒட்டிக்குமா?

ஒட்டாது. ஒட்டின மாதிரி தெரியும், அவ்வளவுதான். க்ளூ உள்ள இறங்கி கோடு கொஞ்சம் மங்கலாயிடும், நீங்களும் சரியாயிடுச்சுன்னு நெனச்சுப்பீங்க, ஆனா கண்ணாடிக்கு பழைய பலம் திரும்பி வராது. மத்தியானம் சூடாகி ராத்திரி ஆறும்போதும், காத்து தள்ளும்போதும் அந்த விரிசலோட நுனி கொஞ்சம் கொஞ்சமா நகர்ந்துகிட்டே இருக்கும்.

உடனே அடுத்த கேள்வி வரும், காருக்கு மட்டும் ரெசின் போட்டு சரி பண்றாங்களேன்னு. கார் முன்கண்ணாடி ரெண்டு கண்ணாடிக்கு நடுவுல பிளாஸ்டிக் ஷீட் வச்சு அழுத்தினது. கல் பட்டா வெளிப்பக்கத்து கண்ணாடி மட்டும் பேர்ந்திருக்கும், அந்தக் குழியதான் ரெசின் ஊத்தி நிரப்புறாங்க, பின்னாடி பிளாஸ்டிக்கும் உள்கண்ணாடியும் தாங்கிப் பிடிக்குது. வீட்டு ஜன்னல் பெரும்பாலும் ஒத்தக் கண்ணாடி, விரிசல்னா இந்தப் பக்கத்துல இருந்து அந்தப் பக்கம் வரைக்கும் போயிருக்கும். மாத்துறதுதான் வழி.

அப்ப இன்னைக்கே மாத்தணுமா? டேப் போட்டு கொஞ்ச நாள் ஓட்டலாமா?

டேப் போடுங்க, ஆனா ஆள் வர்ற வரைக்கும்தான். பெட்டி ஒட்டுற அகலமான டிரான்ஸ்பரன்ட் டேப் எடுத்து, தூசிய துடைச்சிட்டு, விரிசல் மேல நீளவாக்குல ஒண்ணு, அதுக்கு குறுக்க நாலஞ்சு ஒட்டுங்க. வெளிப்பக்கம் கை எட்டலன்னா விட்டுடுங்க, டேப் ஒட்டுறதுக்காக ஜன்னலுக்கு வெளிய உடம்ப நீட்ட வேணாம். ஜன்னல சாத்தி லாக் பண்ணி அப்படியே வைங்க, திறந்து திறந்து மூடினா அந்த அதிர்ச்சியிலேயே விரிசல் ஓடும்.

எவ்வளவு அவசரம்ங்கிறது கண்ணாடி விழுந்தா எங்க விழும்ங்கிறத பொறுத்தது. காரிடார் பக்கம், வீட்டுக்குள்ள இருக்குற பார்ட்டிஷன்னா ரெண்டு மூணு நாள் பொறுக்கலாம். பத்தாவது மாடி, கீழ ஆள் நடக்குற வழின்னா அன்னைக்கே போன் பண்ணுங்க. ஏப்ரல்ல இருந்து நவம்பர் வரைக்கும் விடியக்காலைல திடீர்னு அடிக்கிற சுமத்ரா காத்து மணிக்கு 40லேர்ந்து 80 கிலோமீட்டர் வரைக்கும் வரும், அதுக்கு உங்க டேப் நிக்காது.

என் வீட்டுல போட்டிருக்கிறது என்ன கண்ணாடின்னு எப்படி கண்டுபிடிக்கிறது?

விரிசல் விட்டும் பிரேம்ல முழுசா நிக்குதுன்னா அது டெம்பர்ட் இல்ல, இது ஈஸியான அடையாளம். டெம்பர்ட்ட 600 டிகிரிக்கு மேல சூடாக்கி சட்டுனு காத்தடிச்சு ஆற வைக்கிறாங்க, அதனால சாதா கண்ணாடிய விட நாலஞ்சு மடங்கு பலம், ஆனா உடைஞ்சா மொத்தமும் கல்கண்டு மாதிரி பொடிப்பொடியா கொட்டிடும், ஒத்த விரிசலோட நிக்காது. முழுசா இருக்கும்போது தெரியணும்னா மூலைல சின்ன முத்திரை இருக்கான்னு பாருங்க, போலரைஸ்ட் கூலிங் கிளாஸ் போட்டு சாய்ச்சுப் பாத்தா புள்ளி புள்ளியாவோ பட்டை பட்டையாவோ நிழல் தெரியும்.

விரிசல் இருக்கு, ஆனா ஒரு பக்கம் நகத்த ஓட்டினா தட்டுது, மறு பக்கம் வழவழன்னு இருக்குன்னா கார் கண்ணாடி மாதிரி நடுவுல பிளாஸ்டிக் வச்ச லேமினேட்டடா இருக்கலாம், ரெண்டு கண்ணாடில ஒண்ணுதான் உடைஞ்சிருக்கு. உள்ள கம்பி வலை தெரிஞ்சா வயர்ட் கிளாஸ். இது எதுவும் இல்லன்னா சாதா கண்ணாடி, இல்ல அதுவே பச்சை, பிரவுன், சாம்பல் கலர்ல டின்ட் போட்டது.

எதை நானே மாத்தலாம், எதுக்கு ஆள் கூப்பிடணும்? சும்மா பயமுறுத்தாம சொல்லுங்க

பயமுறுத்தல. துண்டு வெளிய விழுற ஜன்னல்ல நீங்க கை வைக்காதீங்க, என் கணக்கு இது ஒண்ணுதான். நிறைய பேர், நான் உள்ள நின்னுதானே வேலை பாக்குறேன்ம்பாங்க, நீங்க உள்ளதான் நிப்பீங்க, கண்ணாடி நிக்காதே. ஒரு சதுர மீட்டர் 6 எம்எம் கண்ணாடி 15 கிலோ. அதுல கால்வாசி துண்டு கழண்டு விழுந்தாலே என்ன ஆகும்னு நீங்களே யோசிச்சுக்குங்க.

காரிடார் பக்க ஜன்னல், கிரவுண்ட் ஃப்ளோர், வீட்டுக்குள்ள இருக்குற கண்ணாடி, உள்பக்கமா உருவி எடுக்குற லூவர் (பட்டை பட்டையா கண்ணாடி அடுக்கி சாய்ச்சுத் திறக்குற ஜன்னல்) இதெல்லாம் கை பழக்கம் இருந்தா பண்ணலாம். வெளியப் பாத்த கேஸ்மென்ட் (கதவு மாதிரி திறக்குறது), ஸ்லைடிங் (தள்ளித் திறக்குறது) ரெண்டும் கான்ட்ராக்டர் வேலை. ஸ்லைடிங்க தூக்கி உள்ள எடுத்துடலாமேன்னு யூடியூப் பாத்துட்டு கேப்பாங்க, அதுக்கு முதல்ல பேனல் கழண்டு வராம தடுக்குற ஸ்டாப்பர கழட்டணும், ஸ்டாப்பர் இல்லாத பேனல் கை நழுவினா எந்தப் பக்கம் போகும்னு யாருக்கும் தெரியாது.

கிச்சன் லூவர்ல ஒரு கண்ணாடி மட்டும் உடைஞ்சிருச்சு. அது ஒண்ண மட்டும் மாத்த முடியுமா?

முடியும், இருக்கறதுலயே ஈஸியான வேலை இதுதான். கையுறை போட்டுக்குங்க, லூவர நல்லா திறந்து கண்ணாடிங்க படுத்த மாதிரி வைங்க. ரெண்டு ஓரத்துலயும் கிளிப் இருக்கும், அதோட உள்பக்க நுனில மடக்கின சின்ன காது, அத தட்டை ஸ்க்ரூடிரைவரால மெதுவா நிமித்திட்டு கண்ணாடிய உங்கப் பக்கமா உருவுங்க. புதுச உள்ள தள்ளி காத திரும்ப மடக்கிடுங்க. உடைஞ்ச கண்ணாடின்னா உருவுறதுக்கு முன்னாடியே டேப் ஒட்டிடணும், பாதில ரெண்டா பிரியும்.

பழைய அலுமினியம் கிளிப்போட காது ரெண்டு மூணு தடவை மடக்கினாலே ஒடிஞ்சிடும். ஒடிஞ்சா கண்ணாடிய சிலிகான் வச்சு ஒட்டி சமாளிக்காதீங்க, கிளிப்ப மாத்துங்க. காது வெளிப்பக்கம் இருந்தா மேல சொன்ன கணக்குதான், ஆள் கூப்பிடுங்க.

காரிடார் ஜன்னல் கண்ணாடி முழுசா மாத்தணும். ஸ்டெப் பை ஸ்டெப் சொல்லுங்க அங்கிள்

முதல்ல ஷூ. சிலிப்பர் போட்டுகிட்டு இந்த வேலை பண்ணவே கூடாது, பாதி பேருக்கு வெட்டு கால்லதான் விழுது. கெட்டி கையுறை, முழுக்கை சட்டை, கண்ணுக்கு கண்ணாடி. ரெண்டு பக்கமும் தரைல பழைய பெட்ஷீட் விரிங்க, காரிடார்ல ஒரு ஆள் நிக்கட்டும், பிள்ளைங்க ஓடி வரும். உடைஞ்ச கண்ணாடி முழுக்க டேப்ப குறுக்கும் நெடுக்குமா ஒட்டிடுங்க. அப்புறம் கண்ணாடிய சுத்தி பிடிச்சிருக்குற ரப்பர உருவி எடுத்துட்டு, பீடிங் (கண்ணாடிய பிரேமோட பிடிச்சு நிறுத்துற ஒல்லிப் பட்டை) கழட்டணும். நீளமான பீடிங்லேர்ந்து ஆரம்பிங்க, நடுவுல புட்டி கத்திய விட்டு லேசா நெம்பினா டக்குனு வெளிய வரும். எந்த பீடிங் எந்தப் பக்கம்னு பென்சில்ல குறிச்சு வைங்க, பாக்க ஒரே மாதிரி இருக்கும், ஆனா மாத்திப் போட்டா சேராது.

துண்டுகள மேலேர்ந்து கீழ வரிசையா எடுங்க. கீழத் துண்ட முதல்ல எடுத்தீங்கன்னா மேல இருக்கறது கத்தி மாதிரி நேரா இறங்கும். எடுத்ததும் பிரேம் பள்ளத்துல இருக்குற பழைய சிலிகான், தூள் எல்லாம் சுரண்டி பிரஷ் போடுங்க, ஒரு சின்ன கண்ணாடிப் பொடி இருந்தாக்கூட புதுக் கண்ணாடி அதுமேல உக்காந்து அங்கேர்ந்தே விரிசல் ஆரம்பிக்கும். கீழப் பள்ளத்துல, ரெண்டு ஓரத்துலேர்ந்தும் கால்வாசி தள்ளி ஒவ்வொரு ரப்பர் பேக்கிங் வைங்க, கண்ணாடி எங்கயும் நேரா அலுமினியத்துல முட்டக்கூடாது. அப்புறம் கண்ணாடிய பேக்கிங் மேல நிறுத்தி, உள்ள தள்ளி, பீடிங்க போடுங்க, இப்ப குட்டையானது முதல்ல, நீளமானது கடைசி.

ரப்பர் போடும்போது சோப்புத் தண்ணி தொட்டுக்கிட்டா வழுக்கிகிட்டு போகும். இழுத்து இழுத்து போடாதீங்க, இழுத்த ரப்பர் ஒரு மாசத்துல சுருங்கி மூலைல இடைவெளி விட்டுடும், மழைத் தண்ணி அதுவழியாதான் வரும். கொஞ்சம் நீளமா வெட்டி மூலைல நெருக்கி வைங்க.

அளவு எடுத்து கட் பண்ணிட்டு வந்தேன், உள்ளயே போகல. கடைக்காரர் தப்பா?

பெரும்பாலும் இல்ல. வெளிய தெரியுற கண்ணாடிய மட்டும் அளந்தா பள்ளத்துக்குள்ள போற பாகம் கணக்குல வராது, கண்ணாடி சின்னதா போயிடும். பள்ளத்துலேர்ந்து பள்ளம் வரைக்கும் அப்படியே அளந்து அதே அளவுல வெட்டினா பெருசாயிடும், உங்களுக்கு நடந்தது இதுதான். பள்ள அளவ அகலத்துல மூணு இடம், உயரத்துல மூணு இடம் எடுங்க, இருக்கறதுல சின்னது எதுவோ அதுலேர்ந்து ஒவ்வொரு பக்கமும் 2, 3 எம்எம் விட்டு, அதாவது மொத்தத்துல 4லேர்ந்து 6 எம்எம் கழிச்சு சொல்லுங்க. குறுக்கு மூலை ரெண்டையும் அளந்து பாருங்க, ரெண்டும் ஒண்ணா இல்லன்னா பிரேம் கோணிருக்கு.

கனமும் முக்கியம், பழசு 5 எம்எம்மா 6 எம்எம்மான்னு உடைஞ்ச துண்டு ஒண்ண பேப்பர்ல சுத்தி எடுத்துட்டுப் போய்க் காட்டுங்க, கலரும் அப்பவே பாத்துக்கலாம். சாதா கண்ணாடி பெருசா இருந்தா திரும்ப வெட்டிக்கலாம். டெம்பர்ட்ட சூடேத்தினதுக்கு அப்புறம் வெட்டவும் முடியாது, ஓட்டை போடவும் முடியாது, அளவு தப்பினா காசு போச்சு.

இதெல்லாம் எங்க வாங்குறது? முஸ்தஃபால கிடைக்குமா?

டேப், கையுறை அந்தக் கடைல கிடைக்கும். கண்ணாடி வெட்டிக் குடுக்குறது காக்கி புக்கிட், ஊபி மாதிரி தொழிற்பேட்டை பக்கம் இருக்குற கிளாஸ் ஒர்க்‌ஷாப்ல, உங்க பேட்டை ஹார்ட்வேர் கடைலயும் கேட்டுப் பாருங்க, சில பேர் ஆர்டர் எடுத்துப்பாங்க. ரப்பர், பீடிங், கிளிப்புக்கு பழைய துண்டு ஒண்ண கைல கொண்டுபோங்க, போட்டோ காட்டினா தப்பு சைஸ்தான் வரும்.

எந்த சிலிகான் நல்லது? வீட்ல மீன் தொட்டிக்கு வாங்கினது மிச்சம் இருக்கு

மீன் தொட்டி சிலிகான் பெரும்பாலும் காடி வாடை அடிக்கும், அது அமில வகை. அலுமினியத்தையும் ஸ்க்ரூவையும் நாளடைவுல அரிக்கும், லேமினேட்டட் கண்ணாடியோட ஓரத்தயும் கெடுக்கும், முகம் பாக்குற கண்ணாடி பின்னாடி வச்சா ரசம் கருத்துப் போகும். ஜன்னலுக்கு நியூட்ரல்னு போட்டிருக்குறத வாங்குங்க. ரப்பர் நல்லா உக்காந்திருந்தா சிலிகானே தேவப்படாது, சில பேர் எல்லா மூலைலயும் அப்பி வச்சிடுறாங்க, அடுத்த தடவ கழட்டுறவன் திட்டிகிட்டே கழட்டுவான்.

அம்மா வீடு பழைய பிளாட், இரும்பு ஜன்னல். கண்ணாடிய சுத்தி ஏதோ சுண்ணாம்பு மாதிரி காஞ்சு போயிருக்கே?

அது புட்டி, சுண்ணாம்புத் தூளும் ஆளிவிதை எண்ணெயும் பிசைஞ்சது. காஞ்சு வெடிச்சா மழை உள்ள வரும், இரும்பு துருப்பிடிச்சு வீங்கி கண்ணாடிய நெருக்கி விரிசல் விடும். அங்க கண்ணாடிய மட்டும் மாத்துறது வீண் செலவு, திரும்பவும் அதே இடத்துல உடையும். ஜன்னலையே மாத்துறத பத்தி யோசிங்க.

சத்தியமா யாரும் தொடல. சாயங்காலம் பாத்தா தானா விரிசல். எப்படி?

நம்புறேன். பாதி கண்ணாடில வெயில், பாதில நிழல் விழுந்தா நடுப்பகுதி சூடாகி விரியும், பிரேமுக்குள்ள இருக்குற ஓரம் குளிர்ச்சியா இருந்து விரியாது, அந்த இழுபறில ஓரத்துல இருந்து விரிசல் கிளம்பும். மேற்குப் பாத்த வீட்ல இது சகஜம். உள்ள கருப்பு ஃபிலிம் ஒட்டினது, ஏர்கான் காத்து நேரா கண்ணாடில அடிக்கிறது, சோபாவோ கெட்டித் திரைச்சீலையோ கண்ணாடிய ஒட்டி இருக்கறது எல்லாம் சேந்தா இன்னும் மோசம். ஏற்கெனவே டின்ட் போட்ட சாதா கண்ணாடிக்கு மேல டார்க் ஃபிலிம் ஒட்டுறதுக்கு முன்னாடி கடைல கேட்டுட்டு ஒட்டுங்க.

வித்தியாசம் பாக்கறதும் ஈஸி. வெயில்ல வந்த விரிசல் ஓரத்துலேர்ந்து நேரா செங்குத்தா கிளம்பும். ஏதாவது பட்டு வந்ததுன்னா ஒரு புள்ளி இருக்கும், அங்கேர்ந்து நாலா பக்கமும் போகும். மூலைல மட்டும் வந்திருந்தா பிரேம் முறுக்கிக்கிட்டிருக்கா, பேக்கிங் நழுவி கண்ணாடி உலோகத்துல உக்காந்திருக்கான்னு பாருங்க.

டெம்பர்ட்னு காசு குடுத்துப் போட்டோம், நடு ராத்திரி பட்டாசு மாதிரி வெடிச்சிருச்சு. மாமியார் கண் பட்டுடுச்சுங்கிறாங்க

மாமியார்கிட்ட நான் வாதாட மாட்டேன். கண்ணாடி தயாரிக்கும்போது நிக்கல் சல்ஃபைடுன்னு கண்ணுக்குத் தெரியாத பொடி உள்ள மாட்டிக்கும், அது வருஷக்கணக்குல மெதுவா பெருசாகி ஒரு நாள் உள்ளேர்ந்தே டெம்பர்ட்ட உடைச்சிடும். ஹீட் சோக் பண்ணினதுன்னு, அதாவது ஃபேக்டரிலயே திரும்ப சூடாக்கி சோதிச்சதுன்னு கேட்டு வாங்கினா, உடையப் போறதுல பெரும்பாலானது ஃபேக்டரிலயே உடைஞ்சிருக்கும், வீட்டுக்கு வராது. முழுசா ஒழியும்னு சொல்ல முடியாது, வாய்ப்பு ரொம்பக் குறையும். வேற காரணமும் இருக்கு, போடும்போது ஓரத்துல அடி பட்டிருந்தா அது பல மாசம் கழிச்சுக்கூட வேலையக் காட்டும்.

உடைஞ்ச கண்ணாடிய எங்க போடுறது? ப்ளூ பின்ல போடலாமா? வெள்ளிக்கிழமை வெளிய போடக்கூடாதுன்னு பாட்டி சொல்றாங்க

ப்ளூ பின் பாட்டில், ஜாடிக்கு. ஜன்னல் கண்ணாடி அதுல வேணாம். சின்னத் துண்டுங்கள கெட்டியா பேப்பர்ல சுத்தி, டேப் போட்டு, அட்டைப் பெட்டில வச்சு, மேல 'கண்ணாடி'ன்னு எழுதிப் போடுங்க, முடிஞ்சா இங்கிலீஷ்லயும் எழுதுங்க, குப்பை அள்ளுறவர் கைல குத்தக்கூடாது. பெரிய துண்ட குப்பை போடுற ஷூட்ல திணிக்காதீங்க, நகர மன்றத்துக்கு போன் பண்ணி பெரிய சாமான் எடுக்க வருவாங்களான்னு கேளுங்க, காரிடார்ல சாச்சு வைக்கவும் வேணாம்.

தரைய முதல்ல பெருக்குங்க, அப்புறம் ஈர டிஷ்யூவால ஒத்தி எடுங்க, லைட்ட அணைச்சிட்டு டார்ச்ச தரையோட தரையா அடிச்சா மிச்சம் மீதி மினுங்கும். வெள்ளிக்கிழமை விஷயம், பேக் பண்ணி ஓரமா வச்சிட்டு சனிக்கிழமை போடுங்க, பாட்டிக்கும் நிம்மதி.

எங்க ஹெல்பர் நல்லா வேலை செய்வாங்க, அவங்கள விட்டு டேப் ஒட்டச் சொல்லவா?

வேணாம். ஜன்னலோட வெளிப்பக்கத்த பணிப்பெண் துடைக்கணும்னாலே கிரில் போட்டு பூட்டியிருக்கணும், பெரியவங்க ஒருத்தர் கூட நிக்கணும்னு மனிதவள அமைச்சு 2012லேர்ந்து விதி வச்சிருக்கு, கிரவுண்ட் ஃப்ளோரும் காரிடார் பக்கமும்தான் விலக்கு. துடைக்கவே அப்படின்னா உடைஞ்ச கண்ணாடிய தொடச் சொல்றது எந்த நியாயம்.

கண்ணாடி மாத்த எச்டிபி பெர்மிட் வேணுமா? ரிவெட் ஃபைன்னு வேற ஏதோ சொல்றாங்களே

அதே பிரேம்ல அதே மாதிரி கண்ணாடி போடுறது வேற, ஜன்னலையே மாத்துறது வேற. ஜன்னல மாத்துறதுன்னா கட்டட, கட்டுமான ஆணையத்தோட பட்டியல்ல இருக்குற ஜன்னல் கான்ட்ராக்டர்தான் பண்ணணும், முழு உயர ஜன்னல், பால்கனி ஜன்னல் மாதிரி சிலதுக்கு எச்டிபி பெர்மிட்டும் வேணும். வர்ற கான்ட்ராக்டர்கிட்ட பட்டியல்ல இருக்காரான்னு நேரா கேளுங்க, சங்கடப்படாதீங்க.

ரிவெட் விஷயம் உண்மைதான். ரிவெட்னா ஜன்னல பிரேமோட பிடிச்சு வைக்கிற ஆணி. 2004 அக்டோபர் 1லேர்ந்து கேஸ்மென்ட் ஜன்னல்ல அலுமினியம் ரிவெட் இருக்கக்கூடாது, ஸ்டெயின்லெஸ் ஸ்டீலுக்கு மாத்தியிருக்கணும். மாத்தலன்னா 5,000 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) வரைக்கும் அபராதம், இல்ல 6 மாசம் வரைக்கும் ஜெயில், ரெண்டும் சேந்தும் வரலாம். பராமரிக்காம விட்டு ஜன்னல் விழுந்தா 10,000 வெள்ளி, ஒரு வருஷம் வரைக்கும் போகும். கண்ணாடி மாத்த ஆள் வரும்போதே ரிவெட்டயும் பாக்கச் சொல்லுங்க. காந்தம் வச்சுப் பாத்தேன் ஒட்டல, அப்ப அலுமினியம்தான்னு ஒருத்தர் பயந்தாரு, ஸ்டெயின்லெஸ்லயும் நிறைய வகைக்கு காந்தம் ஒட்டாது, அது டெஸ்ட் இல்ல.

எதிர்வீட்டுப் பையன் பந்தடிச்சு உடைச்சிட்டான், அவங்க காசு தர மாட்டேங்கிறாங்க

போட்டோ எடுங்க, பில்ல வைங்க, முதல்ல நேர்ல பேசுங்க, தீபாவளிக்கு முறுக்கு குடுத்து வாங்குற வீடா இருந்தா பேசியே முடியும். முடியலன்னா சமூக மத்தியஸ்த நிலையம் இருக்கு. அதுக்கு மேல சிறு உரிமைகோரல் நடுவர் மன்றம், பொருள் சேதத்துக்கு 20,000 வெள்ளி வரைக்கும் பாப்பாங்க, வக்கீல் கிடையாது. ஒரு கண்ணாடிக்கு அவ்வளவு தூரம் போறது உங்க இஷ்டம், எனக்குன்னா அந்தக் காச விட்டுட்டு பக்கத்து வீட்டு உறவ வச்சுப்பேன்.

வாடகை வீடு. நான் குடுக்கணுமா, வீட்டுக்காரரா? இன்சூரன்ஸ்ல வருமா?

அக்ரிமென்ட்ல சின்ன ரிப்பேர் பத்தி ஒரு வரி இருக்கும், இவ்வளவு வெள்ளி வரைக்கும் குடியிருக்கறவர், அதுக்கு மேல வீட்டுக்காரர்னு, அதப் பாருங்க. நீங்களே உடைச்சதுன்னா அந்த வரி காப்பாத்தாது. மேல சொன்ன மாதிரி வெயில்ல தானா வந்த விரிசல்னா எங்கேர்ந்து ஆரம்பிச்சிருக்குன்னு தெரியுற மாதிரி போட்டோ எடுத்து அன்னைக்கே அனுப்பிடுங்க. எச்டிபி தீ இன்சூரன்ஸ் முக்கியமா தீ விபத்துக்குத்தான், வேற எதுக்கு வரும்னு பாலிசில பாருங்க. தனியா வீட்டு இன்சூரன்ஸ் எடுத்திருந்தா கண்ணாடி உடைஞ்சா உண்டான்னு பாலிசிய புரட்டிப் பாருங்க.

புது பிடிஓ வீடு (எச்டிபி புதுசா கட்டிக் குடுத்தது), சாவி வாங்கி ரெண்டு மாசம்தான் ஆச்சு, கண்ணாடில விரிசல்

ஒரு வருஷத்துக்கு குறைபாடு சரி பண்ற பொறுப்பு உண்டு. எதையும் கழட்டாம, புளோக் பக்கத்துல இருக்குற பில்டிங் சர்வீஸ் சென்டர்ல சொல்லுங்க. ரினோவேஷன் ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே சொல்லிடணும், ஆரம்பிச்சிட்டா உங்க ஆள்தான் உடைச்சாருன்னு பேச்சு வரும்.

காண்டோல இருக்கோம், அதே விதிதானா?

மாத்துற முறை, அளவு, சிலிகான் எல்லாம் அதேதான், ரிவெட் சட்டமும் உங்களுக்கு உண்டு. ஆனா முதல் போன் மேனேஜ்மென்ட் ஆபீசுக்கு. வெளித்தோற்றம் ஒரே மாதிரி இருக்கணும்னு கண்ணாடி கலர், பிரேம் கலருக்கெல்லாம் விதி வச்சிருப்பாங்க, திறக்க முடியாத பெரிய கண்ணாடின்னா அது உங்க பொறுப்பா அவங்க பொறுப்பான்னும் அங்கயே கேட்டுட்டு, பதில ஈமெயில்ல வாங்கி வைங்க.